பாத்தி போடும் முன் வரைய வேண்டிய இரண்டு படங்கள்

வீட்டில் காய்கறித் தோட்டம் போடலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் செய்வது விதை வாங்குவதுதான். பாக்கெட்டில் இருக்கும் படத்தைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்காது. என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: விதை கடைசியாக வரட்டும். அதற்கு முன்னால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து இரண்டு படங்கள் வரையுங்கள். முதல் படம் இடத்துக்கு. வெயில் எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பாத்தி எங்கே, நடக்கும் வழி எங்கே. இரண்டாவது படம் நாட்களுக்கு. எந்தச் செடி எப்போது மண்ணுக்குள் போகிறது, எத்தனை நாள் அங்கே இருக்கும், அது போன பிறகு அந்த இடத்துக்கு எது வரும்.

முதல் படத்தைப் பலர் எப்படியோ வரைந்துவிடுகிறார்கள். இரண்டாவதை அநேகமாக யாரும் வரைவதில்லை. மூன்று மாதம் கொத்துக் கொத்தாகக் காய்த்த தோட்டம் அப்புறம் களை மண்டிக் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பூச்சியையும் மண்ணையும் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை அங்கே இருப்பதில்லை. முதல் அறுவடைக்குப் பின் என்ன என்ற கேள்வியை யாரும் முன்கூட்டிக் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, முதல் படத்துக்கு வருவோம். அதில் முதல் கோடு வெயிலுக்கு.

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிக்காய்கள் என்று காய்க்கிற செடி எதுவானாலும் ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். 8 மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. கேரட், பீட்ரூட், முள்ளங்கி போன்றவை 4 அல்லது 5 மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். கீரைகளுக்கும் கொத்தமல்லி, புதினாவுக்கும் 3, 4 மணி நேரமே போதும். கடுங்கோடையில் பிற்பகல் நிழல் விழுந்தால் அவற்றுக்கு அது நன்மைதான். இலையை மட்டும் வளர்ப்பதைவிடப் பூ வைத்துக் காயைப் பருக்கவைப்பதற்குச் செடிக்கு நிறைய சர்க்கரை தேவைப்படுகிறது. அந்தச் சர்க்கரை வெயிலில்தான் உண்டாகிறது. எவ்வளவு உரம் போட்டாலும் வெயில் குறைந்தால் தக்காளி இலையாக வளருமே ஒழிய காய்க்காது.

எத்தனை மணி நேரம் வெயில் வருகிறது என்பதை மனக்கணக்காகச் சொல்லக் கூடாது. ஒரு விடுமுறை நாளில் காலை 7 மணியிலிருந்து மாலை வரை மணிக்கொருமுறை வெளியே போய், நிழலின் ஓரம் எங்கே விழுகிறதோ அங்கே ஒரு கல்லை வையுங்கள். அதையே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். “நாள் முழுக்க வெயில் அடிக்கும் இடம்” என்று பல வருடமாக நம்பிக்கொண்டிருந்த மூலையில் 4 மணி நேரம்தான் வெயில் விழுகிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும். சூரியனின் பாதை பருவத்துக்குப் பருவம் மாறுவதால், பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப்போகப் போக, குளிர்காலத்தில் சுவரின் நிழல் கோடையில் விழுவதைவிட நன்றாக நீண்டு விழும். அதனால் இந்தச் சோதனையை எந்தப் பருவத்தில் பயிர் நிற்கப் போகிறதோ அந்தப் பருவத்திலும் ஒருமுறை செய்வது நல்லது.

உயரமான செடியும் பந்தலும் எங்கே நிற்க வேண்டும் என்பதும் இந்தப் படத்திலேயே முடிவாகிவிடும். பூமியின் வடபாதியில் இருப்பவர்கள் அவற்றைத் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் வைக்க வேண்டும், தென்பாதியில் இருப்பவர்கள் தெற்கு ஓரத்தில். அப்போதுதான் அவற்றின் நிழல் குட்டைச் செடிகள் மேல் விழாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் வருடத்தில் கொஞ்ச காலம் ஒரு பக்கமும் மீதிக் காலம் மறுபக்கமும் நிற்கும். அங்கே பந்தலை வடக்கு தெற்காக ஓடவிட்டால் ஒரு பக்கம் காலை வெயிலும் மறுபக்கம் மாலை வெயிலும் கிடைக்கும். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் அதன் நிழலோடு வேரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தின் வேர் கிளைகளின் விளிம்பைத் தாண்டியும் வெகுதூரம் ஓடும். நீங்கள் பாத்திக்கு ஊற்றும் தண்ணீரில் முதல் பங்கை அதுதான் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர். காய்கறிப் பாத்திக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். 4 அடி அகலமும் 8 அடி நீளமும் உள்ள ஒரு பாத்தி ஏறக்குறைய 3 சதுர மீட்டர். அதற்கு வாரத்துக்கு 75 லிட்டர் ஆகும். 10 லிட்டர் பூவாளியில் சுமந்தால் ஏழெட்டு நடை. வெயில் கொளுத்தும் வாரங்களில் இது இரண்டு மடங்காகலாம். இப்படிப்பட்ட பாத்தி நான்கு போட்டால் எத்தனை நடை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். குழாய் பக்கத்தில் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் பாத்தி குழாயை நோக்கி நகர வேண்டும், வெயில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. தண்ணீர் ஊற்றுவது சுமையாகிவிட்ட தோட்டத்தை யாரும் இரண்டாவது மாதத்துக்கு மேல் காப்பாற்றியதில்லை.

மண்ணைப் பார்ப்பதற்கு மூன்று எளிய சோதனைகள் உண்டு. மூன்றும் எனக்குப் பிடிக்கும், காசும் ஆகாது.

முதலாவது கைச் சோதனை. லேசாக ஈரமாக இருக்கும் மண்ணை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர்ந்தால் அது தோட்டத்துக்கு ஏற்ற மண். அப்படியே பாத்தி போடலாம். உருண்டை பிடிக்கவே இல்லையென்றால் மணல் அதிகம். தட்டினாலும் உடையாமல், விரல்களுக்கு நடுவில் நாடா மாதிரி நீட்டி எடுக்க முடிகிறதென்றால் களிமண் அதிகம்.

இரண்டாவது பாட்டில் சோதனை. கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் ஊற்றி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிட வேண்டும். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். வண்டல் படிய சில மணி நேரம் ஆகும். களிமண் துகள் மிக நுண்ணியது, அது படிந்து தண்ணீர் தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மறுநாள் பார்த்தால் மூன்று பட்டைகள் தெளிவாகத் தெரியும். உங்கள் மண்ணில் எது எவ்வளவு என்பதை ஒரு அளவுகோலை வைத்தே சொல்லிவிடலாம். இலை தழை மட்கியது மேலே மிதந்துகொண்டிருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம், வடிகால் சோதனை. ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்கினால் பயமில்லை. அதற்கும் குறைவென்றால் அந்த இடத்தில் மேட்டுப்பாத்தி போடுவதைத் தவிர வழியில்லை. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்று இருக்காது. வேர் அழுகும், செடி வாடும். வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றினால் செடி இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும்.

மணலோ களியோ, இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மட்கிய எரு. மணலில் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், களிமண்ணில் துகள்களைக் கட்டி கட்டியாகச் சேர்த்து இடைவெளி உண்டாக்கும். களிமண்ணை இளக்க மணல் கொட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், கொஞ்சமாகச் சேர்த்த மணல் களியோடு சேர்ந்து இன்னும் இறுகிப்போகும். எரு நன்றாக மட்கியிருக்க வேண்டும் என்பதும் முக்கியம். மட்கிய எருவில் மண் வாசம்தான் வரும், சூடு இருக்காது, போட்ட பொருள் என்னவென்று அடையாளம் தெரியாது. பாதி மட்கியதை மண்ணோடு கலந்தால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) தங்களுக்காக எடுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும். மரத்தூளைப் பச்சையாக மண்ணில் கலந்தாலும் இதே கதைதான். மண்ணின் அமில கார அளவு (pH) 6க்கும் 7க்கும் இடையில் இருந்தால் பெரும்பாலான காய்கறிகளுக்குச் சரியாக இருக்கும். சந்தேகம் இருந்தால் மண் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சுண்ணாம்போ வேறெதுவோ சேர்க்க வேண்டும்.

பாத்தியின் அகலம் 4 அடியைத் தாண்ட வேண்டாம். ஓரத்தில் உட்கார்ந்து கை நீட்டினால் 2 அடி எட்டும், இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவைத் தொட்டுவிடலாம். பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது என்பது என் தோட்டத்தில் மீற முடியாத சட்டம். மிதிபட்ட மண்ணைத் திரும்ப இளக்க ஒரு பருவமே ஆகும். நடைவழி ஒன்றரை அடியிலிருந்து 2 அடி வரை இருக்கட்டும். சுவரை ஒட்டிய பாத்தி என்றால் ஒரு பக்கம்தான் எட்டும், ஆகவே அங்கே 2 அடி அகலம் போதும். முதல் வருடத்துக்கு 4 அடிக்கு 8 அடியாக இரண்டு பாத்தி தாராளம். நிலம் இன்னும் இருக்கிறதே என்று தோன்றும். இருக்கட்டும், அது எங்கேயும் போய்விடாது.

மண் இல்லாதவர்களுக்குத் தொட்டி இருக்கிறது. தக்காளி, கத்தரிக்கு ஒரு செடிக்கு 20 லிட்டர் கொள்ளளவு வேண்டும். கீரைக்கு அரை அடி ஆழம் போதும். தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் கோடையில் தினமும், சில நாள் இரண்டு வேளையும் தண்ணீர் கேட்கும். மற்றபடி கீழே சொல்லப்போகும் எல்லாமே தொட்டிக்கும் பொருந்தும்.

இனி என்ன பயிரிடுவது. உங்கள் வீட்டில் விரும்பிச் சாப்பிடுவதை மட்டும் பயிரிடுங்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் யாருக்கும் பிடிக்காத காய் ஒரு பாத்தி நிறைய நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அந்தப் பட்டியலிலும், பறித்த மணி நேரத்திலிருந்தே சுவை மாறத் தொடங்கும் காய்களுக்கு நான் முதலிடம் கொடுப்பேன். கீரை, கொத்தமல்லி, பிஞ்சு வெண்டை, பிஞ்சு பீன்ஸ், பச்சைப் பட்டாணி, செடியிலேயே பழுத்த தக்காளி. இவற்றை விலைக்கு வாங்குவதற்கும் பறித்துச் சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. வெங்காயம், உருளை, முட்டைக்கோஸ் எல்லாம் நல்ல பயிர்கள்தான். ஆனால் மாதக்கணக்கில் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே தடவை விளைச்சல் தந்துவிட்டுப் போய்விடும். சின்னத் தோட்டத்தில் அவற்றுக்கு இடம் ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

பாத்தியில் யார் பக்கத்தில் யார் என்பதற்குக் குடும்பம் பார்க்க வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கும் ஒரே குடும்பம். வெள்ளரி, பூசணி, பாகல், பீர்க்கு, சுரை இன்னொன்று. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஒன்று. பீன்ஸ், அவரை, பட்டாணி ஒன்று. பீட்ரூட்டும் பாலக்கீரையும் தண்டுக்கீரையும் ஒன்று. ஒரே குடும்பத்துக்குள் நோயும் பூச்சியும் பொதுவாக இருக்கும். தக்காளி நின்ற இடத்தில் உடனே கத்தரி நட்டால், தக்காளிக்கு வந்த வாடல் நோய் மண்ணிலேயே காத்திருந்து கத்தரியைப் பிடிக்கும். அதனால் ஒரு குடும்பம் நின்ற இடத்துக்கு அதே குடும்பம் திரும்ப வர மூன்று வருடமாவது இடைவெளி விடச் சொல்வார்கள். இரண்டே பாத்தி வைத்திருப்பவருக்கு மூன்று வருடம் நடக்காத காரியம். அடுத்தடுத்த பருவத்தில் அதே குடும்பம் வராமல் பார்த்துக்கொண்டாலே பாதித் தொல்லை குறையும். இதற்கும் அந்த இரண்டாவது படம்தான் வேண்டும்.

அதை நான் இப்படி வரைகிறேன். தாளின் மேலே 12 மாதங்களுக்கும் கட்டம். இடது பக்கத்தில் ஒவ்வொரு பாத்தியையும் இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து எழுதிக்கொள்வேன். ஒவ்வொரு பயிரும் ஒரு கிடைக்கோடு. கோட்டின் நீளம் அந்தப் பயிர் மண்ணில் இருக்கும் நாட்கள்.

நாட்கள் ஏறத்தாழ இப்படி: முள்ளங்கிக்கு 25 முதல் 30. கீரைகளுக்கு 25 முதல் 40. குத்துச்செடி பீன்ஸ், வெண்டை, வெள்ளரி மூன்றும் விதைத்து 50, 60 நாளில் காய்க்கத் தொடங்கும். கேரட்டுக்கு 70 முதல் 80. தக்காளி, நாற்றை நட்ட நாளிலிருந்து 60 முதல் 80. கத்தரியும் அதே போலத்தான். இந்த எண்கள் ரகத்துக்கு ரகம் மாறும், குளிரில் நீளும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் நாள் முதல் அறுவடைக்கான நாள் என்பதை மறக்கக் கூடாது. குத்துப் பீன்ஸ் அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் காய்த்து முடித்துவிடும், ஆனால் வெண்டையும் கத்தரியும் மாதக்கணக்கில் நிற்கும். கோடு அதுவரைக்கும் ஓட வேண்டும்.

கோடுகளைப் போட்டவுடனே இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, காலியாக இருக்கும் இடம். தக்காளி நாற்றை இரண்டடி இடைவெளியில் நடுகிறோம். முதல் நான்கைந்து வாரம் அந்த இரண்டடியும் சும்மாதான் கிடக்கும். அங்கே முள்ளங்கியோ கீரையோ விதைத்தால், தக்காளி கிளை விரிப்பதற்குள் பறித்து முடித்துவிடலாம். இரண்டு, ஒரே வாரத்தில் குவியும் அறுவடை. முள்ளங்கி விதை பாக்கெட் முழுவதையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே வாரத்தில் அத்தனையும் முற்றும். அதை நாலாகப் பிரித்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வரிசை விதைத்தால் இரண்டு மாதத்துக்கு வந்துகொண்டே இருக்கும். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் குத்துப் பீன்ஸுக்கும் இதே முறைதான். சின்னத் தோட்டம் பெரிய தோட்டம் அளவுக்குத் தருவது இந்த ஒரு பழக்கத்தால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

கோடு எந்த மாதத்தில் தொடங்க வேண்டும் என்பதற்குச் செடியின் பிறந்த இடத்தை யோசித்துப் பார்ப்பேன். தக்காளியின் காட்டு மூதாதைகள் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் ஆண்டிஸ் மலைச்சரிவுகளிலும் வளர்ந்தவை. பகலில் வெயிலும் இரவில் மிதமான குளிர்ச்சியும் இருந்தால் அதற்குச் சந்தோஷம். பகல் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலோ பூ பூத்துப் பூத்து உதிரும், காய் பிடிக்காது. வெண்டையும் வெள்ளரியும் வெப்பப் பிரதேசத்துச் செடிகள். மண் 20 டிகிரிக்கு மேல் சூடாகாமல் அவற்றை விதைத்தால் விதை மண்ணுக்குள்ளேயே அழுகும். கேரட், பட்டாணி, முட்டைக்கோஸ் எல்லாம் குளிர்ச்சியை விரும்புபவை. உறைபனி விழும் ஊரில் இருப்பவர்கள் கடைசி உறைபனி நாளை வைத்துத் தேதி எண்ணுவார்கள். பனியே இல்லாத ஊரில் உச்சக் கோடையும் அடைமழையும்தான் எல்லைகள். எந்த மாதத்தில் செடி பூவோடு நிற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

இவ்வளவும் முடிந்த பிறகு விதை வாங்கலாம். பழைய விதை கையில் இருந்தால் வீணாக்க வேண்டாம். ஈரத் துணியில் 10 விதையைச் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். 7க்கு மேல் முளைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம், 5 என்றால் இரண்டு மடங்காக விதைக்க வேண்டும். தக்காளி, வெள்ளரி விதைகள் காய்ந்த குளிர்ந்த இடத்தில் நான்கைந்து வருடம் தாங்கும். வெங்காய விதை ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு.

தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் நாற்று விட்டு நட வேண்டும். கேரட், முள்ளங்கியை நேரடியாகப் பாத்தியில்தான் விதைக்க வேண்டும். பிடுங்கி நட்டால் கிழங்கு கவையாகப் பிளந்துவிடும். வெண்டை, பீன்ஸ், கொடிக்காய்களுக்கும் நேரடி விதைப்பே நல்லது. விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம், அவ்வளவுதான். வெண்டை விதைக்குத் தோல் தடித்தது, ஒரு இரவு ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். கேரட் முளைக்க இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும், அதுவரை மேல் மண் ஒரு நாள்கூடக் காயக் கூடாது. ஈரச் சாக்கை மேலே போட்டு மூடிவைத்து, முதல் பச்சை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

நாற்றங்காலில் பெரிய எதிரி நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று தண்டின் அடியில் மெலிந்து சாய்ந்து கிடக்கும். நெருக்கமாக விதைப்பதும் எப்போதும் ஈரமாகவே வைத்திருப்பதும்தான் அதை வரவழைக்கும். மெலிதாக விதைத்து, காலையில் மட்டும் தண்ணீர் தெளித்து, காற்று போக விட்டால் அநேகமாக வராது. சூடான இடங்களில் தக்காளி நாற்று நான்கு வாரத்தில் தயாராகிவிடும், குளிர்ந்த இடத்தில் 6 முதல் 8 வாரம் ஆகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாற்று வளரும் தட்டை வெளியில் வைத்து, முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்க வேண்டும். நிழலில் வளர்ந்த நாற்றை நேரே முழு வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும்.

நடுவதற்கு நான் மாலையைத்தான் தேர்ந்தெடுப்பேன். மேகமூட்டம் இருந்தால் இன்னும் நல்லது. இரவு முழுவதும் நாற்றுக்கு ஓய்வு கிடைக்கும். தட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் விட்டு வைத்தால், தட்டிலுள்ள குழியின் அடியில் விரலால் லேசாக அழுத்தியதும் வேர்க்கட்டு மண்ணோடு முழுதாக வெளியே வரும். தண்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது, இலையைப் பிடிக்கலாம். ஒரு இலை போனால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் செடியே போய்விடும். வெளியே வந்த வேர்க்கட்டைப் பாருங்கள்: வெள்ளை வேர்கள் மண்ணைச் சுற்றி வலை போலப் பின்னியிருக்க வேண்டும். பழுப்பேறி வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால் தட்டில் அதிக நாள் இருந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் அடிப்பகுதியை விரலால் கொஞ்சம் கிள்ளிப் பிரித்துவிட்டு நட வேண்டும்.

தக்காளிக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை உண்டு. அதன் தண்டில் எந்த இடம் மண்ணுக்குள் போனாலும் அங்கே வேர் விடும். தண்டை உற்றுப் பார்த்தால் சில சமயம் சின்னச் சின்ன புடைப்புகள் தெரியும், அவை வெளிவரக் காத்திருக்கும் வேர்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு மூன்று அடுக்கு இலை மட்டும் தெரியும்படி ஆழமாக நடலாம். நாற்று வளர்த்தியாகிப் போயிருந்தால் பள்ளம் பறித்துப் படுக்கவைத்தே நடலாம், நுனி இரண்டே நாளில் நிமிர்ந்துகொள்ளும். மற்ற நாற்றுகளுக்கு இது வேண்டாம், தட்டில் இருந்த ஆழமே போதும். நட்டவுடன் மண்ணை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, வேருக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று நிற்காதபடி நிதானமாகத் தண்ணீர் விடுங்கள். தாங்கு குச்சியை அன்றைக்கே ஊன்றிவிட வேண்டும். பின்னால் ஊன்றினால் வேரைக் குத்தும்.

அதன் பிறகு செய்ய வேண்டியவை குறைவு. நாற்று வேர் பிடித்ததும் காய்ந்த இலை, வைக்கோல் எதுவானாலும் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஆழமாக நனைப்பதே நல்லது. வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும். தண்ணீர் ஒருநாள் வெள்ளமாகவும் நாலு நாள் வறட்சியாகவும் போனால் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், சீராகத் தண்ணீர் ஓடாமல் அது காய்க்குப் போய்ச் சேராது.

பூசணி, பாகல், சுரை வைத்திருப்பவர்கள் பூத்த சில நாளிலேயே கவலைப்படத் தொடங்குவார்கள், பூவெல்லாம் உதிர்கிறதே என்று. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூக்கள், அவை உதிரத்தான் செய்யும். பெண் பூவின் பின்னால் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும், அதைப் பார்த்தவுடன் தெரியும். பூசணிப் பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். அந்த நேரத்தில் தேனீ வரவில்லையென்றால், ஆண் பூவின் இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுவிலிருக்கும் மகரந்தத் தண்டை எடுத்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுத் தடவினால் போதும். பிடித்ததா என்பது சில நாளில் தெரிந்துவிடும்: பிடித்திருந்தால் பிஞ்சு பருக்கும், இல்லையென்றால் மஞ்சளாகி விழும்.

செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். எறும்பு அந்தச் செடியில் ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். அசுவினி கசியவிடும் இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், அதைத் தின்ன வரும் பொறிவண்டைக்கூட விரட்டும். எறும்பைத் தடுத்துவிட்டால் மீதி வேலையைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். கண்டதும் விஷம் அடித்தால் இரண்டும் சேர்ந்து சாகும், அசுவினி மட்டும் சீக்கிரம் திரும்பி வரும்.

குத்துப் பீன்ஸ் காய்த்து முடித்ததும் செடியை வேரோடு பிடுங்க வேண்டாம். தரையோடு வெட்டிவிடுங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். காய்க்கிற காலத்தில் ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா அங்கே வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தச் சத்தில் பெரும்பகுதியை விதைக்கே செடி கொடுத்துவிடும் என்றாலும், வேர் மண்ணிலேயே மட்கட்டும். ஒரு கூடை எருவைப் பரப்பி அதே வாரத்தில் கீரையோ கோஸ் நாற்றோ போடலாம், இரண்டாவது படத்தில் அடுத்த கோடு என்ன சொல்கிறதோ அது.

படத்தில் இன்னொன்றையும் குறித்து வைக்கிறேன்: விதைக்கு விடும் செடி. பீன்ஸ், தக்காளி இரண்டிலும் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் விதை எடுப்பது எளிது. பூசணி வகைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. பழுத்த தக்காளியின் விதையைச் சாற்றோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு கரைந்துவிடும். கழுவி நிழலில் உலர்த்தி, ரகத்தையும் வருடத்தையும் எழுதி வைக்க வேண்டும். எந்தச் செடியிலிருந்து எடுப்பது என்பதைப் பருவத்தின் கடைசியில், மிஞ்சியதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. முதலில் காய்த்து, நோயில்லாமல் நிற்கும் செடியில் ஆரம்பத்திலேயே ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். நன்றாகத் திரண்ட ஒரு கொத்தைப் பறிக்காமல் விட்டுவைக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லியும் வையுங்கள்.